படகு நின்ற இடம் எது?

சென்ற பொங்கல் விழாவன்று கலை நிகழ்ச்சிகள் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு வழக்கம்போல் ஊர்ப்பக்கம் திரும்பியது. ராமேசுவரம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற செய்தி நாளேட்டில் வந்திருந்தது. "கச்சத்தீவைக் கொடுத்தோமே, அதன் பலன்" என்றார் ஒரு பெரியவர். "எல்லை தாண்டாமல் இருந்தால் ஏன் பிடிக்கப்போகிறான்?" என்றார் இன்னொருவர். இரண்டும் நாம் எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டு வருகிற வாக்கியங்கள்தான். பாயசம் வருவதற்குள் பந்தியில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன.

எதிர் வரிசையில் இருந்த இளைஞன் ஒருவன் அதுவரை வாய் திறக்கவில்லை. தங்கச்சிமடத்துப் பிள்ளை, மாதாப்பூரில் கணினி நிறுவனத்தில் வேலை. கை கழுவும்போது என்னிடம் சொன்னான்: "எங்க சித்தப்பாவும் பிடிபட்டு வந்தவர்தான் சார். எல்லைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தோம்னு இன்னிக்கும் சத்தியம் பண்றார். அந்தப் பக்கம்னு பிடிச்சவங்க சொன்னாங்க. குற்றத்தை ஒத்துக்கிட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்னு கூட இருந்தவங்க சொல்லவே, ஒத்துக்கிட்டு வந்துட்டார். படகு எங்க நின்னுதுன்னு கடைசி வரைக்கும் யாரும் அளந்து பார்க்கலை."

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் தண்டவாளத்தை அளந்தே சம்பளம் வாங்கியவன் நான். "யாரும் அளந்து பார்க்கலை" என்ற சொல் என்னை விடவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

இந்த வழக்கில் இரண்டு கேள்விகள் உள்ளன. கோடு எங்கே இருக்கிறது என்பது ஒன்று. படகு எங்கே இருந்தது என்பது மற்றொன்று. மேடைகளிலும் பத்திரிகைகளிலும் நாம் முதல் கேள்வியைப் பற்றியே முழங்குகிறோம். சிறைக்குப் போகிற மனிதனின் தலையெழுத்தை முடிவு செய்வதோ இரண்டாவது கேள்வி. அதைப் பற்றிப் பேசுவார் அநேகமாக இல்லை.

கோட்டைப் பொறுத்தவரை விடை எழுத்தில் இருக்கிறது. 1974 ஜூன் மாதம் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஆதம் பாலம் தொடங்கி பாக் நீரிணை வரை ஆறு புள்ளிகளைக் கொடுத்து அவற்றை இணைத்துக் கோடு போட்டது. அக்கோடு கச்சத்தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் தள்ளிப் போகிறது. தீவு அவர்கள் பக்கம் விழுந்தது. அதன் ஐந்தாம் பிரிவு நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் பழையபடியே விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய் வரலாம் என்றது. 1976-ல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வகுத்தபோது எழுதிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டன. இது நியாயமா, தமிழ்நாட்டைக் கேட்டுச் செய்தார்களா என்பது பெரிய வழக்கு. எனக்கும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் இன்றைக்கு ஒருவனைப் பிடித்துக் கூண்டில் நிறுத்தும்போது காட்டப்படுவது அந்தக் கோடுதான்.

ஒப்பந்தத்தின் எண்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்றவனுக்கு வேறு வேலை ஏது, வரைபடத்தில் நானே குறித்துப் பார்த்தேன். தனுஷ்கோடியில் அரிச்சல்முனையிலிருந்து கிழக்கே கோடு சுமார் ஐந்து கடல் மைல்தான். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். ராமேசுவரம் ஊருக்கு நேர் கிழக்கே சற்று அகலம். பதினொன்று, பன்னிரண்டு கடல் மைல் வரும். இதற்குள் இன்னொரு கணக்கும் உண்டு. நாட்டுப்படகுக்காரர் பிழைக்க வேண்டும் என்பதற்காக, கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டு 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே முனைக்கு அருகே விசைப்படகுக்குச் சட்டப்படி மிஞ்சுவது இரண்டு கடல் மைல் அகலமுள்ள ஒரு சந்து!

இந்தச் சந்தில் இரவில், விளக்குக் கம்பமோ வேலியோ இல்லாத இடத்தில் வலையை இழுத்துக்கொண்டு போகிறான். இழுவை வலை போட்ட படகு மணிக்கு மூன்று கடல் மைல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடம் கிழக்கே இழுத்தால் சந்து முடிந்துவிடும். இயந்திரம் பழுதானாலோ கேட்கவே வேண்டாம். மணிக்கு ஒரு கடல் மைல் நீரோட்டம் இருந்தாலே, சந்தின் நடுவில் நின்ற படகு ஒரு மணி நேரத்தில் கோட்டில் போய் நிற்கும். பழைய ஆட்கள் கோபுரத்தையும் கலங்கரை விளக்கையும் கண்ணால் ஒன்றுக்கொன்று நேர்பிடித்தும், குண்டு விட்டு ஆழத்தைப் பாகத்தில் அளந்தும் இடம் கண்டுபிடித்தார்கள். அந்த வித்தை கரை தெரிகிற வரையில்தான் செல்லும்.

"இப்போதுதான் ஜி.பி.எஸ். வந்துவிட்டதே" என்பீர்கள். வந்துவிட்டது. அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதம் நீக்கிய பிறகு, சாதாரணக் கருவியே திறந்த கடலில் பத்து மீட்டருக்குள் இடம் சொல்கிறது. ஆனால் கருவி சரியாகச் சொன்னாலும் வாசிக்கிறவன் தவறலாம். ஒப்பந்தத்தில் எண்கள் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற முறையில் உள்ளன. உதாரணமாக மூன்றாவது புள்ளியின் அட்சரேகை 9 டிகிரி 40.15 நிமிடம். இதை 40 நிமிடம் 15 விநாடி என்று ஒருவர் படித்தால் 185 மீட்டர் பிழை. சரியான கணக்கு 40 நிமிடம் 9 விநாடி. இதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. கருவியை முழுத் தசமத்தில் வைத்திருந்தால் திரையில் 9.30 என்று தெரியும். அது 9 டிகிரி 18 நிமிடம். அதை 9 டிகிரி 30 நிமிடம் என்று எழுதிக்கொண்டால் படகு தாளின் மேலேயே பன்னிரண்டு கடல் மைல் வடக்கே போய்விடும்! கைது அறிக்கையில் இப்படி ஓர் எண் புகுந்தால் அதைக் கண்டுபிடிக்க எதிர்த்தரப்பில் இன்னொரு எண் வேண்டும். மீனவன் கையில் அந்த எண் இல்லை.

வரைபடத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பூமியின் வடிவத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் பழைய அளவைக்காரர்களுக்கு ஒரு கணக்கு, ஜி.பி.எஸ்.ஸுக்கு வேறொரு கணக்கு. நம் நாட்டுப் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற அளவையாளர் 1830-ல் வகுத்த கணக்கின்படி வரையப்பட்டவை. ஒரே பாறைக்கு இரண்டு கணக்கிலும் எண் பார்த்தால் நூறு மீட்டர், சில இடங்களில் அதற்கு மேலும் வேறுபடும். 1974-ல் ஜி.பி.எஸ். கிடையாது; அதன் முதல் செயற்கைக்கோள் மேலே போனதே 1978-ல்தான். கோட்டை ஒட்டி நூறு, இருநூறு மீட்டரில் நின்ற படகைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இதையும் நினைக்க வேண்டாமா?

இனி என் தொழில் அனுபவத்தைச் சொல்ல அனுமதி வேண்டும்.

எண்பதுகளின் இறுதியில் ஒரு ஜங்ஷன் யார்டில் சரக்கு ரயிலின் இரண்டு வேகன்கள் தடம் இறங்கின. ஊர்ப் பெயர் வேண்டாம். விபத்து என்றால் ரயில்வேயில் ஒரு நடைமுறை உண்டு. வேகனைத் தூக்கித் தடத்தில் வைப்பதற்கு முன், எஞ்சின் பிரிவு, வேகன் பிரிவு, சிக்னல் பிரிவு, தண்டவாளப் பிரிவு என்று எல்லாப் பிரிவு மேற்பார்வையாளர்களும் அந்த இடத்திலேயே கூடி அளக்க வேண்டும். சக்கரம் எந்த ஸ்லீப்பர் அருகே முதலில் இறங்கியது என்று சுவடு பார்த்து, அதைப் பூஜ்யமாக வைத்து, மூன்று மூன்று மீட்டராகப் பின்னோக்கித் தண்டவாளத்தின் அகலம், மட்டம் எல்லாம் எழுதுவோம். சக்கரங்களையும் அப்படியே அளப்போம். கடைசியில் ஒரே தாளில் எல்லோரும் கையெழுத்திடுவோம். அதற்கு ஜாயிண்ட் நோட் என்று பெயர். ஒத்துக்கொள்ளாதவர் தன் மறுப்பைத் தனியே எழுதலாம். ஆனால் அளவை மறுக்க முடியாது, ஏனென்றால் டேப்பின் மறுமுனையைப் பிடித்தவரே அவர்தான்.

அன்று நான் தண்டவாளப் பிரிவுக்காரன். சக்கரத்தில்தான் கோளாறு என்று நெஞ்சார நம்பினேன். அளந்தபோது சக்கரம் சரியாக இருந்தது. இரண்டு இடங்களில் தண்டவாளத்தின் மட்டம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. என் பிரிவுக்கு எதிரான அந்த எண்ணை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தண்டனையும் கிடைத்தது, ஓர் ஆண்டு இன்கிரிமெண்ட் போயிற்று. வீட்டில் ஒரு மாதம் என் முகம் சரியில்லை. ஆனால் அடுத்த ஆண்டு வேறொரு விபத்தில் பழியை என் தலையில் கட்டப் பார்த்தபோது என்னைக் காப்பாற்றியதும் அதே மாதிரித் தாள்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய விபத்தை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை; விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். தகராறில் சம்பந்தப்பட்டவனே தராசைப் பிடிக்கக் கூடாது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

கடலில் நடப்பது என்ன? பிடித்தவரே அளக்கிறார், அவரே எழுதுகிறார், அந்த எண்ணே நீதிமன்றத்துக்குப் போகிறது. படகைக் காங்கேசன்துறைக்கோ தலைமன்னாருக்கோ இழுத்துச் சென்ற பிறகு "சுவடு" என்று எதுவும் மிஞ்சுவதில்லை. தண்ணீரில் ஸ்லீப்பர் இல்லையே! நடுக்கடலில் தாக்கப்பட்டதாக வரும் செய்திகளில் வலை, பிடித்த மீன் இவற்றோடு "ஜி.பி.எஸ். கருவியும் பறிக்கப்பட்டது" என்ற வரியை நீங்களும் படித்திருப்பீர்கள். படகின் பாதை பதிவாகியிருக்கிற ஒரே பொருள் அதுதான்.

இடத்தை நிலைநாட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன் நடந்த வழக்கே உண்டு. 2012 பிப்ரவரி 15 அன்று 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலியக் கப்பலின் காவலர்கள் சுட்டதில் 'செயின்ட் ஆண்டனி' என்ற மீன்பிடிப் படகில் இருந்த இரண்டு மீனவர்கள் இறந்தனர். சம்பவ இடம் கேரளக் கரையிலிருந்து 20.5 கடல் மைல். பன்னிரண்டு கடல் மைல் வரைதான் நம் ஆட்சிக்கடல் என்பதால், கேரள போலீசுக்கு வழக்கு நடத்த அதிகாரமில்லை, மத்திய அரசே நடத்த வேண்டும் என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. பிறகு வழக்கு சர்வதேச நடுவர் மன்றம் வரை போய், நஷ்டஈடு பத்துக் கோடி ரூபாய் வந்த பின் 2021-ல் முடிந்தது. எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம் என்று இத்தனை பெரிய விவகாரமும் சுற்றிச் சுற்றி அந்த 20.5 என்ற எண்ணிடமே வந்து நின்றது. பாக் நீரிணையில் பிடிபடுகிற ஏழைக்கு மட்டும் எண் தேவையில்லையா?

வழி இல்லாமல் இல்லை. அதில் ஒரு பகுதி நம் ஊரிலேயே இருக்கிறது. பிரகதி நகரில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்தான் மீன் எங்கே கிடைக்கும், அலை எப்படி இருக்கும் என்று கடலோர மீனவர்களுக்கெல்லாம் சொல்கிறது. கடல் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு! நம் சங்கத்துப் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்ட வேண்டும் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு லட்சம் டிரான்ஸ்பாண்டர்கள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இஸ்ரோவின் தொழில்நுட்பம், செலவு 364 கோடி ரூபாய். படகு எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். ஆபத்தென்றால் செய்தி அனுப்பலாம். என் கணக்கில் இதன் பெரிய பயன் வேறு. படகின் இடமும் நேரமும் செயற்கைக்கோள் வழியே கரைக்கு வந்து பதிவாகிவிடுகின்றன. கருவியைப் பிடுங்கிக் கடலில் எறிந்தாலும் அதுவரை நடந்த பாதை கரையில் பத்திரமாக இருக்கும்.

ரயில்வேயில் 'கவச்' என்ற பாதுகாப்பு முறை வந்திருக்கிறது. நம் தென்மத்திய ரயில்வேயில்தான் முதலில் 1,465 கிலோமீட்டருக்குப் பொருத்தினார்கள். அதில் எஞ்சின் தானிருக்கும் இடத்தை ஸ்லீப்பரில் பதித்த சில்லைப் படித்துத் தெரிந்துகொள்கிறது. நிலையத்துக்கும் உடனே சொல்கிறது. ஒருவன் பேச்சை மட்டும் நம்பாதே, இரண்டு இடத்தில் பதிவு வை என்பதுதான் தத்துவம்.

ஆகவே நம் அரசு இலங்கையிடம் கேட்க வேண்டியது எளிய ஒன்று. படகை நிறுத்தியதும், இழுத்துச் செல்லும் முன், இரு தரப்புக் கருவிகளும் காட்டும் இடத்தையும் நேரத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்த ஒரே படிவத்தில் எழுத வேண்டும். படகுக் கருவியின் திரையைப் படமெடுக்க வேண்டும். படகோட்டியிடம் கையெழுத்தும் மறுப்பு இருந்தால் மறுப்பும் வாங்கி, ஒரு நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும். நின்ற புள்ளி மட்டும் போதாது. முந்தைய இரண்டு மணி நேரப் பாதையும் வேண்டும். துரத்தப்பட்டு ஓடிய படகு பிடிபட்ட இடம் ஒன்று, மீன் பிடித்த இடம் வேறொன்று. கரையில் உள்ள டிரான்ஸ்பாண்டர் பதிவை யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத்தூதரகம் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். 2008 அக்டோபரில் இரு நாடுகளும் மீன்பிடிப் படகுகளைச் சுடுவதில்லை என்று கூட்டறிக்கை விட முடிந்ததே, ஒரு படிவத்துக்குச் சம்மதிக்க வைக்க முடியாதா?

இங்கே நம்மவர் சிலருக்குக் கோபம் வரலாம். "இடத்தை அளக்கச் சொன்னால் எல்லையை ஒப்புக்கொண்டதாகிவிடாதா?" ஆகாது. நிலத் தகராறு நீதிமன்றத்தில் இருக்கும்போதும் சர்வேயர் வந்து அளக்கத்தான் செய்கிறார். அளந்ததனால் யாரும் பட்டாவை விட்டுக்கொடுத்ததாகச் சட்டம் சொல்வதில்லை.

கசப்பான வேறொரு விஷயம் இருக்கிறது. அதை மறைத்தால் இந்தக் கட்டுரை நேர்மையாகாது. அளந்தால் பல நாள் நம் படகுகள் கோட்டைத் தாண்டியிருப்பதே தெரியவரும். டிரான்ஸ்பாண்டர் பொருத்தப் பலர் தயங்குவதற்கும், பொருத்தியதை அணைத்து வைப்பதற்கும் அந்த அச்சம் ஒரு காரணம். இலங்கையில் போர் நடந்த காலத்தில் வடபகுதி மீனவர் கடலுக்குப் போகத் தடை. அந்தக் கடல் நம் விசைப்படகுகளுக்குத் திறந்து கிடந்தது. 2009-ல் போர் முடிந்து, எல்லாவற்றையும் இழந்து திரும்பிய யாழ்ப்பாண, மன்னார் மீனவன் கடன் வாங்கி வலை வாங்கினான். இரவில் நம் இழுவை மடி அந்த வலையை அறுத்துக்கொண்டு போகிறது. அவனும் தமிழன்தான், அவன் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உண்டு. கடலடியை வாரிக்கொண்டு போகும் அந்த இழுவை முறையை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தன் நாட்டிலேயே தடை செய்துவிட்டது. நாமும் அதே ஆண்டு இரண்டாயிரம் இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றுவோம் என்று திட்டம் தொடங்கினோம்; 2020-க்குள் முடிப்பதாகச் சொன்னது முடியவில்லை.

அப்படியானால் அளவு நமக்குப் பாதகம்தானே என்று கேட்டால், இல்லை என்பேன். 2024-ல் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட இந்திய மீனவர்கள் கைதானார்கள். அவர்களில் தெரிந்தே தாண்டியவன், இயந்திரம் நின்று இழுபட்டுப் போனவன், தாண்டவே தாண்டாதவன் மூவரும் இருக்கலாம். அளவு இல்லாதவரை மூவரும் ஒரே கூண்டில் ஒரே குற்றவாளிகள். தாண்டாதவனுக்காக யார் பேசினாலும், "உங்கள் ஆட்கள் தாண்டுகிறவர்கள்தானே" என்ற ஒரு வாக்கியத்தில் வாயடைத்துவிடுகிறார்கள். தாண்டிய நாளில் தாண்டினேன் என்று காட்டுகிற அதே பதிவுதான், தாண்டாத நாளில் தாண்டவில்லை என்று சாட்சி சொல்ல முடியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தங்கச்சிமடத்துப் பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தான். வரைபடத்தை விரித்து ஆறு புள்ளிகளையும் காட்டினேன். கைப்பேசியில் படமெடுத்து அப்போதே சித்தப்பாவுக்கு அனுப்பினான். அவருடைய படகு இன்னும் அக்கரையில்தான் கிடக்கிறதாம். இப்போது வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறார். அந்தப் படகில் டிரான்ஸ்பாண்டர் உண்டா என்று கேட்டேன். "கொடுத்திருக்காங்க சார். மாட்டலாமா வேண்டாமான்னு முதலாளியும் சித்தப்பாவும் இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க" என்றான்.